விட், வாட், விஸ்ட்: ‘அறி’ என்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய வினையைப் படிப்பது எப்படி

கிங் ஜேம்ஸ் பைபிளிலோ ஷேக்ஸ்பியரிலோ ‘ஐ வாட் நாட்’ என்ற தொடர் எதிர்ப்பட்டால், புதிதாகப் படிப்பவர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். ‘ஐ’யும் ‘நாட்’டும் தெரிந்த சொற்கள், நடுவில் டபிள்யூ, ஓ, டி என்று மூன்று எழுத்து. அகராதியில் தேடினால் ‘விட் என்னும் வினையின் நிகழ்காலம்’ என்றிருக்கும். ‘விட்’டைத் தேடினால் நகைச்சுவை, சாதுரியம் என்று பெயர்ச்சொல் வந்து நிற்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில் தேடுவதை விட்டுவிடுகிறார்கள்.

தேடப்படுவது ‘அறி’ என்று பொருள்படும் ஒரு வினை. இன்று ‘நோ’ என்ற வினை செய்யும் வேலையில் பெரும்பகுதியை முன்பு இதுதான் செய்துவந்தது. கற்க வேண்டிய வடிவங்கள் மிகச் சில. அவற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டால் அரைமணி நேரத்தில் கைவசமாகிவிடும்.

முதல் வேலை: வடிவத்தை அடையாளம் காண்பது

அடிவடிவம் விட்: டபிள்யூ, ஐ, டி. ‘டு விட்’ என்றால் ‘அறிய’. நிகழ்காலம் வாட்: டபிள்யூ, ஓ, டி. ‘ஐ வாட்’ என்றால் ‘நான் அறிவேன்’. இறந்தகாலமும் இறந்தகால எச்சமும் ஒன்றே, விஸ்ட்: டபிள்யூ, ஐ, எஸ், டி. ‘ஐ விஸ்ட்’ என்றால் ‘நான் அறிந்திருந்தேன்’. ‘தவ்’ என்ற முன்னிலை ஒருமையோடு ‘வோஸ்ட்’, ‘வாட்டெஸ்ட்’ என்று வரும். ‘விட்டிங்’ என்ற வடிவம் தனியாக இன்று வழக்கில் இல்லை. ஆனால் தெரிந்தே செய்ததை ‘விட்டிங்லி’ என்றும், தெரியாமல் செய்ததை ‘அன்விட்டிங்’ என்றும் இன்றைய ஆங்கிலமும் சொல்கிறது. ஸ்பென்சரின் கவிதைகளில் ‘வீட்’ என்று நெடிலாக எழுதியிருக்கும்; அதுவும் இதே வினைதான்.

பார்த்தவுடன் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரே விதி போதும். உயிரெழுத்து ‘ஓ’ என்றால் நிகழ்காலம். ‘ஐ’யும் அதற்குப்பின் ‘எஸ்டி’யும் என்றால் இறந்தகாலம். ‘எஸ்’ மட்டும் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்: ‘வோஸ்ட்’டில் ‘எஸ்’ உண்டு, அது நிகழ்காலம். முதலில் உயிரெழுத்து, பிறகு மற்றவை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ரைட் என்பது ரோட் ஆகும். கெட் என்பது காட் ஆகும். ‘ஓ’ வந்தால் இறந்தகாலம் என்று நம் காது பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘ஐ வாட் நாட்’டை ‘எனக்குத் தெரிந்திருக்கவில்லை’ என்று எழுதிவிடுவதுதான் இந்த வினையில் அதிகம் நடக்கும் தவறு. வேடிக்கை என்னவென்றால், காது சொல்வது பிறப்பளவில் சரி.

வடிவம் இறந்தகாலம், பொருள் நிகழ்காலம்

‘நாளைக்கு மழை வருமா?’ என்று கேட்டால், ‘யார் கண்டது!’ என்கிறோம். ‘கண்டது’ இறந்தகால வடிவம். பொருளோ ‘யாருக்குத் தெரியும்’ என்ற நிகழ்காலம். கண்டவனுக்குத்தான் தெரியும் என்பதால், காண்பதன் இறந்தகாலம் அறிவதன் நிகழ்காலமாகிவிடுகிறது.

‘வாட்’டின் கதை முழுக்க இதுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ‘காண்’ என்று பொருள்பட்ட வேர் ஒன்று உண்டு. ‘கண்டிருக்கிறேன்’ என்ற அதன் வடிவம் ‘அறிவேன்’ என்று பொருள்படலாயிற்று. பழைய ஆங்கிலத்தில் அது ‘வாத்’ என்று நெடிலாக ஒலித்து, பின்னாளில் குறுகி ‘வாட்’ ஆனது. ஜெர்மன் மொழியில் ‘எனக்குத் தெரியும்’ என்பதை இன்றும் ‘இஹ் வைஸ்’ என்கிறார்கள்; இதே சொல். கிரேக்கத்தில் ‘ஒய்டா’. சமஸ்கிருதத்தில் ‘வேத’ என்ற வினைவடிவம்: அதற்கும் இறந்தகால உரு, நிகழ்காலப் பொருள். நம்மிடம் வந்து சேர்ந்த வேதம், வித்தை, வித்துவான் எல்லாம் அந்த வேரின் கிளைகள். ‘காண்கிறேன்’ என்ற பொருளுடைய இலத்தீன் ‘விடியோ’ வழியாக வந்த வீடியோவும் அப்படியே. (விதையைக் குறிக்கும் ‘வித்து’ வேறு, அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது.)

தமிழின் ‘தெரி’யும் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. ‘மலை தெரிகிறது’ என்பதில் காட்சி; ‘எனக்குத் தெரியும்’ என்பதில் அறிவு. அந்த ‘தெரியும்’கூட வடிவத்தில் எதிர்காலம், பொருளில் நிகழ்காலம். ஆகவே உருவம் ஒரு காலத்தையும் பொருள் இன்னொரு காலத்தையும் காட்டுவது நமக்குப் புதிதல்ல. ‘வாட்’ என்று கண்டால் உடனே ‘தெரியும்’ என்று மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், காலக்குழப்பம் வராது.

யோசுவாவின் இரண்டு வசனங்கள்

பயிற்சிக்கு மிக நல்ல இடம் 1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் யோசுவா இரண்டாம் அதிகாரம், 4, 5 வசனங்கள். எரிகோவில் ராகாப் வேவுகாரர் இருவரை ஒளித்துவைத்துவிட்டு, தேடி வந்தவர்களிடம் பேசுகிறாள். வேவுகாரர்களைப் பற்றி முதலில், ‘ஐ விஸ்ட் நாட் வென்ஸ் தே வேர்’: எங்கிருந்து வந்தவர்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த வசனத்தில், ‘விதர் த மென் வென்ட் ஐ வாட் நாட்’: எங்கே போனார்கள் என்று எனக்கு இப்போது தெரியாது.

முதலாவது, அவர்கள் வந்த நேரத்து அறியாமை. இரண்டாவது, பேசும் நேரத்து அறியாமை. தமிழில் இரண்டுக்குமே ‘தெரியாது’ என்று போட்டால் வாக்கியம் ஓடிவிடும். ஆங்கிலம் கவனமாக வைத்த வேறுபாடு மட்டும் காணாமல்போகும். இரண்டுமே பொய் என்பது வாசகருக்குத் தெரியும். அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது என்று அவள் இரண்டு கதவுகளையும் தனித்தனியே சாத்துகிறாள். அதனால் இங்கே காலத்தை விட்டுவிடுவது நட்டம்.

இதே போல இன்னும் சில இடங்களைப் பார்த்துப் பழகலாம். நியாயாதிபதிகள் 16:20-இல் கர்த்தர் தன்னைவிட்டு விலகியதைச் சிம்சோன் ‘விஸ்ட் நாட்’. யாத்திராகமம் 34:29-இல் தன் முகம் ஒளிர்வதை மோசே ‘விஸ்ட் நாட்’. பிலிப்பியர் 1:22-இல் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று பவுல் ‘ஐ வாட் நாட்’. எல்லாம் எதிர்மறை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த வினை ‘தெரியாது’ என்று சொல்லத்தான் அதிகமாகப் பிழைத்திருந்தது.

வாக்கியத்தைப் பிரிக்கும் முறை

மூன்றைப் பாருங்கள். ஒன்று, ‘டூ’ என்ற துணைவினை வராது. ‘டூ நாட் வாட்’ இல்லை, ‘வாட் நாட்’தான். கேள்வியிலும் வினையே முன்னால் போய் நிற்கும்: லூக்கா 2:49-இல், தேடி வந்த பெற்றோரிடம் பன்னிரண்டு வயது இயேசு கேட்பது ‘விஸ்ட் யீ நாட்’, அதாவது ‘நீங்கள் அறிந்திருக்கவில்லையா?’

இரண்டு, பின்னால் வருவது பெரும்பாலும் ஓர் ஆள் அல்ல, ஒரு செய்தி. எங்கிருந்து, எங்கே, என்ன, யார், இன்னது என்று தொடங்கும் துணைவாக்கியத்தைத் தேடுங்கள். ஒருவரோடு பழக்கம் உண்டு என்று சொல்ல அந்தக் காலத்திலும் ‘நோ’தான் இயல்பு. ‘ஐ வாட் ஹிம்’ என்று நீங்களே எழுதினால் அது அந்தக் காலத்து ஆங்கிலம் போலவே ஒலிக்காது. ஜெர்மன் படித்தவர்களுக்கு இது எளிது: ‘விஸ்ஸென்’ செய்திக்கு, ‘கென்னென்’ ஆளுக்கு. சிலவேளை ‘வாட் ஆஃப்’ என்று வரும். அப்போது ‘பற்றி அறி’.

மூன்று, படர்க்கை ஒருமையில் ‘எஸ்’ வருமா? இங்கேதான் காலகட்டத்தைப் பார்க்க வேண்டும். கேன், மே, ஷல், மஸ்ட் ஆகியவற்றுக்கு ‘எஸ்’ சேராது. ‘ஹீ கேன்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. இவற்றில் கேன், மே, ஷல் மூன்றும், மஸ்ட்டின் மூலமும், ‘வாட்’டைப் போலவே பழைய இறந்தகால உருக்கள், நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை. ஆகவே அசல் இலக்கணப்படி ‘ஹீ வாட்’தான். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பேசுவோர் இந்த உறவை மறந்துவிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி ‘லிட்டில் வாட்ஸ்’ என்கிறான். ஆதியாகமம் 39:8-இல் யோசேப்பு தன் எஜமானைப் பற்றி ‘வாட்டெத் நாட்’ என்கிறான். ‘த வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் ஹெர்மையனி ‘வாட்டிங்’ என்றே ஓர் எச்சம் சொல்கிறாள். எது சரி என்று சண்டைபோட வேண்டியதில்லை: பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் காலத்துக்கு ‘ஹீ வாட்’, 1600-ஐ ஒட்டி ‘வாட்ஸ்’, ‘வாட்டெத்’.

சாசரிடம் போனால் ஒரு வடிவம் கூடுதலாக வேண்டும். எதிர்மறையை அவர் வினைக்குள்ளேயே ஒட்டிவிடுவார்: ‘நே’யும் ‘வாட்’டும் சேர்ந்து ‘நோட்’, ‘நே’யும் ‘விஸ்ட்’டும் சேர்ந்து ‘நிஸ்ட்’. அவருடைய ‘நைட்ஸ் டேல்’ கதையில் ஓர் இடம்: குடிகாரனுக்குத் தன் வீடு இருப்பது நன்றாகத் தெரியும், அதற்குப் போகும் சரியான வழி எதுவென்றுதான் தெரியாது. முதல் பாதியில் ‘வூட்’ (சாசர் எழுதும் ‘வாட்’), இரண்டாம் பாதியில் ‘நோட்’. நம் ‘அறியேன்’, ‘தெரியாது’ போல மறுப்பு வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் என்பதற்கு ‘வில்லி-நில்லி’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த ‘நில்லி’யிலும் இதே ஒட்டுதான்.

உறைந்துபோன மூன்று தொடர்கள்

‘டு விட்’ என்பது இன்றும் உயிரோடு இருப்பது, சட்டப் பத்திரங்களில். ‘இது அறியத்தக்கது’ என்ற பழைய நீதிமன்றப் பிரெஞ்சுத் தொடரின் ஆங்கில வடிவத்தைச் சுருக்கியதால் வந்தது. பொருள் ‘அதாவது, இன்னது’. ‘அபாயகரமான ஆயுதத்துடன், டு விட், ஒரு கத்தியுடன்’ என்று குற்றச்சாட்டில் எழுதுவார்கள். முன்னால் பொதுச்சொல், பின்னால் அதன் குறிப்பான விவரம். வழக்கமாக இருபுறமும் காற்புள்ளி. ‘உதாரணமாக’ என்ற பொருளில் இதைக் கையாள்வது தவறு. ‘மூன்று சொத்துகள், டு விட்’ என்று தொடங்கினால் மூன்றையும் சொல்லி முடிக்க வேண்டும். இரண்டைச் சொல்லி ‘முதலியன’ என்று போட்டால் பத்திரம் ஓட்டையாகிவிடும். தமிழாக்கத்தில் ‘அதாவது’ போதும். ‘அறிவதற்கு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அபத்தம். பழைய ஆங்கில நாடகப் பாட்டில் ஆந்தை ‘டு-விட், டு-ஹூ’ என்று கத்துவது வெறும் ஒலிக்குறிப்பு. அதில் சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் ‘டு விட்’ எல்லா இடத்திலும் ‘அதாவது’ ஆகிவிடாது. யாத்திராகமம் 2:4-இல் குழந்தை மோசேயை நாணலுக்குள் விட்டுவிட்டு, அவனுக்கு என்ன நடக்கும் என்று ‘டு விட்’ அவன் சகோதரி தூரத்தில் நிற்கிறாள். இங்கே அது முழு வினை: ‘அறிய’. பின்னால் ‘என்ன’, ‘ஆமோ இல்லையோ’ என்று துணைவாக்கியம் வந்தால் ‘அறிய’. பெயர்ச்சொல் பட்டியல் வந்தால் ‘அதாவது’.

‘டூ யூ டு விட்’ இரண்டாவது. 2 கொரிந்தியர் 8:1-இல் ‘வீ டூ யூ டு விட்’ என்று வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். இந்த ‘டூ’ பழைய பிறவினைக் குறி: ‘செய்வி’. உங்களை அறியச் செய்கிறோம். தமிழில் ‘அறி’க்கு ‘வி’ சேர்த்தால் வேலை முடிந்தது: அறிவிக்கிறோம்.

‘காட் வாட்’ மூன்றாவது. மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்கும் இடம். சொல்லளவில் ‘கடவுள் அறிவார்’. உடனே ‘கடவுளுக்குத்தான் வெளிச்சம்’ என்று கை போகும். அது தவறு, ஏனென்றால் நம் தொடருக்கு ‘யாருக்குமே தெரியாது’ என்று பொருள். ‘காட் வாட்’டோ உறுதிமொழி: கடவுள் அறிய இது உண்மை. ‘ஆண்டவன் அறிய’, ‘சத்தியமாக’ என்பவை பொருந்தும். பழைய பாட்டுகளில் எதுகைக்காக மட்டும் சொருகப்பட்டிருந்தால், மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டாலும் குற்றமில்லை. ஹாம்லெட் பொலோனியஸிடம் சொல்லும் பழம்பாட்டு வரியில் ‘லாட்’ என்பதற்கு எதுகையாக ‘காட் வாட்’ வருவது அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை இஷ்டத்துக்குத் தூவினார்கள். வலிந்து வரவழைத்த பழமைநடையைக் கேலிசெய்ய ‘காட்வாட்டரி’ என்றே ஒரு சொல் பிறந்தது.

ஒரே முகம், வேறு ஆள்

பிரிட்டிஷ் பேச்சுமொழியை எழுத்தில் காட்டும்போது ‘என்ன’ என்ற சொல்லையும் டபிள்யூ, ஓ, டி என்றே எழுதுவது உண்டு. அது கேள்விச்சொல், நம் வினையோடு உறவில்லை. பின்னால் ‘நாட்’டும் துணைவாக்கியமும் இல்லாமல், கேள்விக்குறி இருந்தால் சந்தேகப்படுங்கள். லண்டன்காரர்களின் ‘வாட்சா’ என்ற வணக்கமும் ‘வாட் சியர்’ என்பதன் தேய்வு. ‘விஸ்ட்ஃபுல்’ என்பதில் ‘விஸ்ட்’ இருப்பதைப் பார்த்து ‘அறிவு நிறைந்த’ என்று பிரிக்கக் கூடாது. அது ஏக்கத்தைக் குறிப்பது.

இந்தப் பட்டியலில் சுவையானது ‘ஐ விஸ்’. இடைக்கால ஆங்கிலத்தில் ‘நிச்சயமாக’ என்ற பொருளில் ‘இவிஸ்’ என்று ஒரே சொல்லாக ஒரு வினையடை இருந்தது. ஜெர்மனில் இன்றும் ‘கெவிஸ்’. எழுதுவோர் முதல் எழுத்தைப் பிரித்து எழுத, அது ‘நான்’ என்ற ‘ஐ’யைப் போலத் தோன்றியது. பின்வந்தவர்கள் ‘நான் அறிவேன்’ என்று படித்து, இல்லாத ‘விஸ்’ என்ற வினையை உண்டாக்கிவிட்டார்கள். 1835 கல்விக் குறிப்பால் நமக்குப் பழக்கமான மெக்காலே, 1842-இல் வெளியிட்ட ரோமானியக் கதைப்பாடல்களில் ‘ஐ விஸ், இன் ஆல் த செனட்’ என்று பாடுகிறார். அந்த இடத்தை ‘நான் அறிவேன்’ என்று பெயர்த்தாலும் ‘நிச்சயமாக’ என்று பெயர்த்தாலும் வரி கெடாது. இலக்கணக் குறிப்பு எழுதும்போது மட்டும், ‘விட்’டின் வடிவங்களில் ‘விஸ்’ஸைச் சேர்த்துவிடாதீர்கள்.

இன்று எழுதும்போது

1901-இல் வந்த அமெரிக்கத் திருத்தப் பைபிளிலேயே ‘வாட்’, ‘விஸ்ட்’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘நோ’, ‘நியூ’ என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே அன்றாடப் பேச்சிலிருந்து அவை போய்விட்டன. கட்டுரை, கடிதம், தேர்வு விடை எதிலும் வேண்டாம். அங்கே அவை தப்பாகவே படும். பழங்காலத்தில் நடக்கும் நாடகத்துக்கு ஆங்கிலத்தில் உரையாடல் எழுதுகிறீர்கள் என்றால், ஒரு காட்சிக்கு ஒன்று போதும். அதையும் எதிர்மறையாக வையுங்கள்: ‘ஐ வாட் நாட் விதர்’ போன்றவை காதில் உட்காரும். ‘டிட் வாட்’ எழுதினால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

கற்றது நின்றதா என்று பார்க்க ஒரு வரி: டைட்டஸ் ஆன்ட்ரானிகஸ் இரண்டாம் அங்கத்தில் டிமிட்ரியஸ் சொல்வது, ‘மோர் வாட்டர் க்ளைடெத் பை த மில் தேன் வாட்ஸ் த மில்லர் ஆஃப்’. வினையைத் தேடுங்கள்: ‘வாட்ஸ்’. ‘ஓ’ இருக்கிறது, ஆகவே நிகழ்காலம். கடைசி ‘எஸ்’ படர்க்கை ஒருமை. எழுவாய் வினைக்குப் பின்னால் நிற்கிறது: ‘த மில்லர்’, ஆலைக்காரன். கடைசியில் தொங்கும் ‘ஆஃப்’ வினையோடு சேர்ந்தது: பற்றி அறிகிறான். எல்லாவற்றையும் கூட்டினால்: ஆலைக்காரனுக்குத் தெரிந்ததைவிட அதிகத் தண்ணீர் ஆலையைக் கடந்து ஓடுகிறது.